நாற்பது வருடப் பாரமும் ஒரு பொய்யும்

போன சனிக்கிழமை எங்கள் காரிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டையை என் மனைவி ரதி இழுத்தெடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினாள். நான் பின்னால் கறிவேப்பிலைப் பையோடு போனேன். கீழ்வீட்டு ஜெர்மன்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த மனிதருடைய உடுப்புத் தோய்க்கும் மெஷினையே தனி ஆளாக மேலே ஏற்றிக் கொடுத்தவன் நான். இப்போது எனக்கு அளந்து விட்டிருப்பது ஐந்து கிலோ. அதற்கு மேல் கை வைத்தால் வீட்டில் இரண்டு பெண்களும் சேர்ந்து கத்துவார்கள்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்தில் கோயிலுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், ரயிலுக்கு நின்றாலும் எங்கடை சனம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. “அண்ணை, உந்த எக்சசைஸ் செய்துதானே உங்களுக்கு இது வந்தது?” ஒரு வரியில் மறுமொழி சொல்ல ஏலாத கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கம்பி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை. பாரம் தூக்கத் தொடங்கியது அதற்கும் முன்னால், பதினேழு வயதில். யாழ்ப்பாணத்தில் அண்ணாவும் நானும் பால்மா ரின்களுக்குள் சீமெந்து ஊற்றி, ஒரு இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் செருகிக் காயவிட்டோம். ஒரு பக்கம் கொஞ்சம் கூடப் பாரம். அதையே இரண்டு வருடம் தூக்கினோம். “மூச்சைப் பிடிச்சுக்கொண்டு தூக்கடா” என்பதுதான் அண்ணா எனக்குச் சொல்லித் தந்த ஒரே முறை. ஜெர்மனிக்கு அகதியாக வந்து முகாமில் இருந்தபோது தண்ணீர்க் கான்களைத் தூக்கினேன். பிறகு ஜிம். கலியாணத்தன்று காலையிலும் போனேன் என்று ரதி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

என் மகள் அபிராமிக்கு இருபத்தேழு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. நான் அவளை ஜிம்முக்குக் கூப்பிடவே இல்லை. பதினைந்து வயதில் தானாக வந்து பாரம் மாட்டிய ‘பார்’ கம்பியைப் பிடித்தாள். பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்து போட்டிகளுக்குப் போனாள். தரையிலிருந்து நூற்று முப்பது கிலோ தூக்கினாள். வெளியில் “பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை” என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினாலும், உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

போன வருடம் எனக்கு வலது தோள்மூட்டு போய்விட்டது. சேர்ட் போடக் கை எழும்பவில்லை. நாற்பது வருடம் தலைக்கு மேலே தூக்கியதில் தசைநார் நைந்து கிழிந்திருக்கிறது என்றார்கள். அதற்கு ஒப்பரேஷன் செய்யுமுன் வழக்கமாக இதயத்தைச் சோதிப்பார்கள். குடும்ப டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து அதிக நேரம் கேட்டார். பிறகு எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டார். கேட்டு முடித்ததும் ஸ்கானுக்கு எழுதித் தந்தார்.

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துக்கொண்டு மேலே கிளம்பும் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. பெருநாடி என்பார்கள். ஸ்கான் செய்த இடத்தில் அது எனக்கு வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சைக்கிள் ரியூப்பில் நைந்த இடம் புடைத்துக்கொண்டு வருமே, அதைப் போல. புடைப்பு நோகாது. காய்ச்சல் வராது. வெடித்தால் மட்டும், அநேகமாக ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவும் நேரம் இராது. தோளைக் காட்டப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று நாள் சோதனைக்கு டேர்மின், அதாவது நாள் குறித்துத் தந்தார்கள். அபிராமி பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தாள். எனக்குத் தொழிற்சாலை ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. டொக்டர்மாரின் ஜெர்மனுக்கு, பத்து வயதிலிருந்தே எங்கள் வீட்டில் அவள்தான் வாய். முதல் நாள் ஒரு நீட்டுப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சலரோகம், அதுதான் சீனி வருத்தம்? இல்லை. பிரஷர்? கொஞ்சம். சிகரெட்? சீச்சீ.

“அப்பா, குடும்பத்தில ஆராவது திடீரெண்டு செத்தவையோ? நெஞ்சுக்க நாடி வெடிச்சு, அப்பிடி ஏதும்?”

பக்கத்தில் இருந்த ரதியின் கால் என் காலை அழுத்தியது. அழுத்தியிருக்கத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

“இல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பெரியப்பா அக்சிடென்ற்தானே?”

“ஓம், அக்சிடென்ற்.”

அவள் ‘நைன்’, இல்லை என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டாள்.

என் அண்ணா கார் அடித்துச் சாகவில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் பாரிஸில், வேலை செய்த ரெஸ்ரோரண்டின் சமையல் கட்டில், எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே விழுந்தார். நாற்பத்தொரு வயது. பெருநாடி வெடித்தது என்று அங்கே டொக்டர்மார் எழுதிக் கொடுத்தார்கள். பரம்பரையாக வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்போது ஊரில் எங்கள் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல் வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் அப்படியே எழும்பிப் போவார்கள். அக்சிடென்ற் என்று சொல்லிவிட்டோம். தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது. பிறகு அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது அபிராமிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். டோட்முண்ட் பக்கத்துப் பொடியன், நல்ல வேலை, அவளுக்கும் பிடித்திருந்தது. சாதகக் குறிப்புப் பார்த்த ஐயர் இரண்டு பேருக்கும் தீர்க்காயுசு என்று எழுதித் தந்திருந்தார். அதனால் நான் ஆஸ்பத்திரியில் கிடப்பது தோள்மூட்டுக்கு என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். பார்க்க வந்த சனம் எல்லாம் பழத்தைக் கொடுத்துவிட்டு என் தோளைத் தடவிவிட்டுப் போனது. ஒரு மாமி சித்தாலேப தைலமும் கொண்டுவந்து தேய்த்துவிட்டா. இரண்டு நாளாக அந்த வோர்ட் முழுக்க அந்த வாசம்தான்.

சோதனைகளில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். நாடியைத் தெளிவாகப் படமெடுக்க ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அதற்கு முதல் சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். எனக்கு இரத்தத்தில் கழிவின் அளவு கூடிக் கிடந்தது. சிறுநீரகமும் போச்சா என்று ரதி கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டாள். அரை நாள் அப்படியே கிடந்தோம். பிறகு வேறொரு முறையில் திரும்பப் பார்த்துவிட்டு, “தசை அதிகம் உள்ளவர்களுக்கு இது இப்படித்தான் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது” என்று சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர். அவரை இருத்தி எழுப்ப இரண்டு தாதிகள் வேண்டும். நான் கையூன்றாமல் எழும்புவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. நெஞ்சுக்குள் ஒரு புடைப்போடு கிடந்துகொண்டு இந்தப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் காலை டொக்டர் வந்தா. நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசும் பெண். அபிராமி ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். குழாயின் அகலம் ஐந்து சென்ரிமீற்றர். இருக்க வேண்டியது மூன்று, மூன்றரை. இந்த அளவில் எல்லாருக்கும் உடனே வெட்டுவதில்லை. குடும்பத்தில் இப்படி ஆராவது செத்திருந்தால் இப்போதே ஒப்பரேஷன் செய்வோம். உங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லாதபடியால் ஆறு மாதம் பார்க்கலாம்.

“தூக்கினதாலயோ வந்தது?” என்று கேட்கச் சொன்னேன்.

டொக்டர் கொஞ்சம் யோசித்தா. குழாயின் சுவர் பிறப்பிலேயே மெலிந்ததாக இருக்கலாம் என்றா. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய பாரத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் அந்தச் சில செக்கன்களுக்கு எங்கேயோ போகும், அந்த மெலிந்த சுவர்தான் அதை வாங்கும். நாற்பது வருடம் வாங்கியிருக்கிறது. ஆனால் அதே பாரம்தான் உங்களுக்கு சலரோகம் வராமல் பார்த்தது, எலும்பை இறுக்கி வைத்தது, உங்களை இப்படி எழும்பி இருக்கப் பண்ணியது என்றும் சொன்னா. ஒரு கையால் தந்ததை மறு கையால் எடுத்திருக்கிறது.

ஆறு மாதம் கிடைத்துவிட்டது என்று ரதியின் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆறு மாதத்துக்குள் கலியாணத்தை முடித்துவிடலாம். அவள் உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். அபிராமி என்னை உற்சாகப்படுத்த நினைத்துத் தன் போனை நீட்டினாள்.

“இஞ்ச பாருங்கோ. முந்தநாள் ட்ரெயினிங். சனிக்கிழமை போட்டியில நூத்தி நாப்பது தூக்கப்போறன்.”

வீடியோவில் அவள் குனிந்து பாரைப் பிடித்தாள். மூச்சை உள்ளே இழுத்து இறுக்கினாள். பார் எழும்பியபோது கழுத்தின் இடது பக்கம் ஒரு நரம்பு தடித்துப் புடைத்தது. அண்ணாவுக்கு அதே இடத்தில், அதே தடிப்பில் புடைக்கும். சீமெந்து ரின்னைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அண்ணாவை என் மகளின் உடம்பில் பார்த்தேன். இவளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க வேண்டும் என்று சொன்ன பொய், இவளையே கொண்டுபோய் அந்தப் பாருக்கு முன்னால் நிற்பாட்டியிருக்கிறது. மூன்று நாளாக நான் என்னைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். படுபாவி, இது எனக்கு உறைக்கவே இல்லை.

“சனிக்கிழமை போகாதை” என்றேன்.

“ஏன்?”

“சொன்னாக் கேள் பிள்ளை. தூக்காதை.”

“நாப்பது வருசம் தூக்கின ஆள் கதைக்கிற கதையே இது?”

“இஞ்சேருங்கோ,” என்றாள் ரதி, பையை விட்டுவிட்டு. “வாயை மூடிக்கொண்டு இருங்கோ. கலியாணம் முடியட்டும்.”

“ஏலாது ரதி. எனக்கு ஏலாது.”

சொன்னேன். எண்ணெய்ப் பீப்பாய், சமையல் கட்டு, டொக்டர்மார் எழுதியது, எல்லாவற்றையும். அபிராமி அழவில்லை, கத்தவில்லை. என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேரே தாதிமார் இருக்கும் இடத்துக்குப் போய் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். தான் போட்ட புள்ளடியை வெட்டினாள். ‘யா’, ஆம் என்ற பெட்டிக்குள் புதிதாகப் போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தாள். பேனை தாளைக் கிழித்துவிடும் போல் இருந்தது.

டொக்டர் திரும்பி வந்தா. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. பாரிஸிலிருக்கும் அண்ணிக்குப் போன் எடுத்தேன். அண்ணாவின் சாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்து இருபத்தொரு வருடம். டொக்டர்மார் எழுதித் தந்த அந்தத் தாள் இன்னும் இருக்குமா என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றா. “நீங்கதானே தம்பி அண்டைக்கு ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் எண்டனீங்கள். நானெண்டா உங்களை ஸ்கான் எடுக்கச் சொல்லத்தான் அதைப் பத்திரமா வச்சிருந்தனான்.”

இரண்டு நிமிடத்தில் அதன் படம் போனுக்கு வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாள் இவ்வளவு காலமும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்திருக்கிறது.

டொக்டர் அதைப் படித்துவிட்டு, மடித்த உடுப்பைத் திரும்ப அலுமாரியில் வைக்கச் சொன்னா. அடுத்த வாரம் ஒப்பரேஷன். பிறகு பேனையை அபிராமியின் பக்கம் நீட்டினா. “நீங்களும் பாரம் தூக்குகிறீர்களா?” அவள் தலையாட்டினாள். இன்றையிலிருந்து நிறுத்துங்கள் என்று சொல்லி, அவளுக்கும் ஸ்கானுக்கு டேர்மின் எடுத்துத் தந்தா. அது என் ஒப்பரேஷன் நாளுக்கே விழுந்தது. நான் மேசையில் கிடக்கும் நேரத்தில் அவள் கீழ்மாடியில் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கிழமை முழுக்க மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பின்னேரம் வருவாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்ட டப்பாவைத் திறந்து வைப்பாள். டொக்டர் சொல்வதை மொழிபெயர்ப்பாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நெஞ்செலும்பை நடுவால் அறுப்பார்கள். இதயத்தை நிறுத்திவிட்டு அதன் வேலையை ஒரு மெஷினுக்குக் கொடுப்பார்கள். வீங்கிய குழாயை வெட்டியெடுத்துத் துணியால் நெய்த செயற்கைக் குழாயைத் தைப்பார்கள். இப்படியான ஒப்பரேஷனில் சிலர் எழும்புவதில்லை. கடைசி வசனத்தையும் அவள் அப்படியே சொன்னாள். முந்தியென்றால் எனக்காக அதை விழுங்கியிருப்பாள்.

பொடியனிடம் விசயத்தைச் சொன்னதும் அவள்தான். பிறகு அவனுடைய தாய் ரதிக்குப் போன் எடுத்து, “முதல்ல அவர் சுகமாகி வரட்டும், பிறகு பாப்பம்” என்றாவாம். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அபிராமி அன்றைக்கு மட்டும் டப்பாவை வைத்துவிட்டு நிற்காமல் போனாள். யன்னலால் பார்த்தேன், கார் நிறுத்துமிடத்தில் நெடுநேரம் காருக்குள்ளேயே இருந்தாள்.

ஒப்பரேஷன் அன்று காலை ரதி ஒரு சின்னக் கடதாசிச் சரையில் திருநீறு கொண்டுவந்தாள். மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர் மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னவர், நெற்றியைப் பார்த்துவிட்டு அது இருக்கட்டும் என்றார். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். அதைவிடப் பயம், அபிராமிக்கு என்ன அளவு என்று தெரியாமலே செத்துவிடுவேனோ என்பது. என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது, “எத்தினை மணிக்கு உனக்கு?” என்று கேட்டேன். “பதினொண்டு” என்றாள். ஒரு கிழமைக்குப் பிறகு என் கேள்விக்கு அவள் நேராகச் சொன்ன முதல் மறுமொழி அது.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். மூச்சை எனக்காக மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்ற சந்தோசம் வர முதலே, பதினொரு மணி என்ன ஆனது என்ற நினைவு வந்துவிட்டது. வாயைத் திறக்க ஏலாது. கையைத் தூக்கிக் கதவைக் காட்டினேன். தாதி, நோகுதா என்று கேட்டு மருந்தைக் கூட்டப் போனாள். தலையை ஆட்டினேன். இந்தக் கையால் எத்தனை பாரம் தூக்கியிருப்பேன், ஒரு கேள்வியைத் தூக்கிக் கொடுக்க அதால் முடியவில்லை.

ரதிதான் முதலில் வந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

“பிள்ளைக்கு ஒண்டுமில்லையப்பா. எல்லாம் சரி.”

‘எல்லாம் சரி’ என்று அவள் சொன்ன குரல் எனக்குத் தெரிந்த குரல். தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘அக்சிடென்ற்’ என்று நான் சொன்ன குரல். பக்கத்தில் மெஷின் கீச்சிடத் தொடங்கியது. தாதி ஓடி வந்து ரதியை வெளியே போகச் சொன்னாள்.

“அம்மா, விடுங்கோ” என்று பின்னாலிருந்து அபிராமி வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் கண்ணுக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

“அப்பா, வாசியுங்கோ. நாலு சென்ரிமீற்றர். எனக்கு இருக்க வேண்டியதைவிடக் கூட. எனக்கும் இருக்கு. இப்ப வெட்டத் தேவையில்லை. ஒவ்வொரு வருசமும் பாக்கவேணும். போட்டி எல்லாம் முடிஞ்சுது, மூச்சைப் பிடிச்சுத் தூக்கவே கூடாதாம். இவ்வளவுதான். இதில ஒண்டையும் நான் ஒளிக்கேல்லை.”

தாளில் நான்கு என்ற எண்ணும் அவள் பெயரும் இருந்தன. என் கண்ணால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பயம்தான். என் இரத்தம் அவளுக்குக் கொடுத்ததை நினைத்த வேதனைதான். ஆனால் அதற்குள்ளே ஒரு ஆறுதலும் இருந்தது, மறைக்க மாட்டேன். அண்ணாவுக்குத் தெரியாமல் போனது இவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

“மெதுவா,” என்றாள். “அஞ்சு கிலோவுக்கு மேல போகுது.” சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டாம் நாள் என்னைக் கதிரையில் இருத்தினார்கள். கையூன்றக் கூடாது, அறுத்த எலும்பு விலகிவிடும். தொடையின் பலத்தால் மட்டும் எழும்ப வேண்டும். நாற்பது வருடத்துத் தொடை அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. முதல் தரத்திலேயே எழும்பினேன். ஆறாம் நாள் படியேறினேன். அதே நேரம், இருமும்போது ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினேன். தோள் இன்னமும் அப்படியே கிழிந்துதான் கிடக்கிறது. மறுவாழ்வு நிலையத்தில் இரண்டு கிலோவைக் கையில் தந்து, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்றார்கள். மூச்சை விட்டுக்கொண்டு தூக்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அபிராமி பக்கத்தில் நின்று நாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு, “விடுங்கோ அப்பா, விடுங்கோ” என்று சத்தம் போடுகிறாள்.

போன கிழமை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சோதனை. காத்திருக்கும் அறையில் இரண்டு படிவங்கள் தந்தார்கள். வழக்கம் போல அவள் கேட்கப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனையை என்னிடம் நீட்டி, “உங்கடதை நீங்களே எழுதுங்கோ” என்றாள். அந்தக் கேள்வி வந்தது. ‘யா’. கீழே அண்ணாவின் பெயர், வயது நாற்பத்தொன்று, பெருநாடி. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அண்ணாவின் சாவை என் கையால் முதல் தரம் ஒழுங்காக எழுதினேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நிமிர்ந்து அவளுடைய தாளைப் பார்த்தேன். அதே கேள்விக்கு அவளும் ‘யா’ போட்டு, பெரியப்பாவின் பெயரை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே என் பெயர். அதற்குப் பக்கத்தில், கேட்காத கேள்விக்கு ஒரு மறுமொழியும் எழுதியிருந்தாள்: அப்பா, உயிரோடு இருக்கிறார்.